எங்கள் அடுக்களைக்கு ஒரு வெட்டுப்பலகை

பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு முன்னாள் மாணவர்களாகிய எங்களைக் கேட்டுக்கொண்டபோது, உடன்பிறந்தார் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்வியின் சிறப்பு, ஒழுக்கத்தின் மேன்மை, தாய்மொழிப் பற்று முதலிய பொருள்களைப் பற்றி எழுத இம்மலரில் எப்போதும் ஆசிரியப் பெருமக்கள் உளர். எங்கள் மனத்தையோ அண்மைக் காலமாக ஒரே ஒரு பொருள்தான் நிறைத்திருந்தது. அது காய்கறி நறுக்கும் பலகை. ‘வெட்டுப்பலகையைப் பற்றியும் ஒரு கட்டுரையா!’ என்று வாசகர் நகைக்கக்கூடும். அந்த ஒரு பலகைக்காக நாங்கள் ஆறு வாரம் அலைந்ததையும், அதற்குக் காரணமாக எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததையும் கூறிவிடுகிறோம். நகைப்பதா, வேண்டாவா என்பதை அதன்பின் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

நாங்கள் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். தந்தையாரும் அன்னையாரும் பால்மரம் வெட்டும் தொழிலாளர்கள். லயத்து வீட்டின் பின்புறத்தில் புகை படிந்த சிறிய அடுக்களை ஒன்று இருந்தது. அங்கே வெட்டுவதற்கென்று இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, அரிவாள்மனை. இன்றைய மாணவச் செல்வங்களுள் பலர் அதனைக் கண்டிருக்கமாட்டீர்கள். ஒரு மரப்பலகையில் வளைந்த இரும்பு அலகு நிமிர்ந்து நிற்கும். அலகின் நுனியில் தேங்காய் துருவும் பற்கள் இருக்கும். தரையில் அமர்ந்து, பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, வெண்டைக்காயையோ கத்தரிக்காயையோ இரு கைகளாலும் அலகின்மீது தள்ளி அரிய வேண்டும். இங்கே கத்தி அசைவதில்லை; காய்தான் அசையும். அன்னையார் எங்களோடு பேசிக்கொண்டே, அலகைப் பாராமலேயே ஒரு கட்டுப் பயற்றங்காயை அரிந்து முடிப்பார்.

மற்றொன்று, புளியமரக் கறிக்கட்டை. தோட்டத்து மாரியம்மன் கோயிலருகே நின்ற புளியமரம் காற்றில் சாய்ந்தபோது தந்தையார் அதன் அடிமரத்தை வட்டமாக அறுத்து எடுத்து வந்தார். ஒரு சாண் உயரம். எட்டுக் கிலோவுக்குக் குறையாத எடை. தமிழ்நாட்டு இறைச்சிக் கடைகளில் இன்றும் புளியங்கட்டையையே பெரிதும் காணலாம். தாய்லாந்து நாட்டினரும் அதனையே விரும்புவர். அதற்குக் காரணம் உண்டு. மரத்தைக் குறுக்கே அறுத்தால் அதன் நார்கள் நிமிர்ந்து நிற்கும். கத்தி விழும்போது அந்நார்கள் விலகி இடங்கொடுத்து, பிறகு மீண்டும் கூடிக்கொள்ளும். ஆகவே கத்தியும் எளிதில் மழுங்காது; கட்டையும் எளிதில் சிதையாது. புளியமரமோ நெருங்கிய நார்களையுடைய கனத்த மரம். கோழி எலும்பை வெட்டினாலும் சிராய் கிளம்பாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தையார்தாம் இறைச்சி வெட்டுவார். வெட்டி முடித்ததும் கத்தியின் முதுகால் கட்டையைச் சுரண்டி, கல்லுப்பு இட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் கழுவி, சுவரோரம் சாய்த்து நிறுத்தினால்தான் அவருக்கு மனம் அமையும். அதுவரை குளிக்கவும் மாட்டார். ‘எதற்கு இத்தனை பாடு?’ என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

தந்தையார் மறைந்தார். தோட்டமும் வீடமைப்புத் திட்டத்திற்காக விற்கப்பட்டது. ஈப்போ நகருக்கு வெளியே ஒரு வரிசை வீட்டுக்கு அன்னையாரை அழைத்து வந்தோம். லயத்திலிருந்து வந்த சாமான்களுள் அரிவாள்மனையும் கறிக்கட்டையும் இருந்தன. சில ஆண்டுகளில் அன்னையாருக்கு முழங்கால் மூட்டுத் தேய்ந்து, தரையில் அமர்ந்தால் எழ இயலாத நிலை வந்தது. தரையில் அமரக்கூடாது என்று மருத்துவரும் கூறிவிட்டார். பேரப்பிள்ளைகள் தவழ்ந்து திரியும் வீட்டில் நிமிர்ந்து நிற்கும் அலகு இருப்பதும் எங்களுக்கு அச்சமாயிருந்தது. எனவே அரிவாள்மனையைத் துணியில் சுற்றி, சாமான் அறையின் மேல்தட்டில் வைத்துவிட்டோம். அன்னையார் மறுப்பேதும் சொல்லவில்லை. அன்றுமுதல் சமையல் மேடைமீது கறிக்கட்டையை வைத்து, நின்றவாறே எல்லாவற்றையும் அதிலேயே வெட்டலானார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் குடும்பத்தோடு அன்னையார் இல்லத்தில் உணவருந்தினோம். கோழிக்கறி, பருப்பு, வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி. எங்களுள் இளையவரின் மகளுக்குப் பாட்டி செய்யும் பச்சடி என்றால் உயிர். அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பில் சேரவிருக்கும் குழந்தை அவள். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது; வயிற்றுப்போக்கும் தொடங்கியது. புதன்கிழமை மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு இரவு அக்குழந்தையின் சிறு கையில் ஊசி ஏற்றிச் சொட்டு மருந்து செலுத்தினர். கிருமித் தொற்று என்றார் மருத்துவர். வீட்டில் பச்சைக் கோழியை எதில் வெட்டுகிறீர்கள், பச்சையாக உண்ணும் காய்களை எதில் நறுக்குகிறீர்கள் என்று விசாரித்தார். இன்னதுதான் காரணம் என்று அவர் உறுதி கூறவில்லை. எங்களுக்கு அந்த வினாவே போதுமானதாயிற்று.

அன்று மாலை அன்னையாரின் இல்லத்திற்குச் சென்று கறிக்கட்டையைத் திருப்பிப் பார்த்தோம். நடுவிலிருந்து விளிம்புவரை பிளவுகள், பிளவுகளுக்குள் கருமை. எங்களுள் ஒருவர், “இந்த அழுக்குக் கட்டையால்தான் பிள்ளை சாகக் கிடக்கிறாள்” என்று சொல்லிவிட்டார். சொன்னவர் எவர் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மற்ற இருவரும் அதை மறுக்கவில்லை; ஆதலால் மூவரும் சொன்னதாகவே கொள்க. அன்னையார் ஒரு சொல்லும் பேசாமல் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் சென்றார்.

குழந்தை நலமடைந்து வீடு திரும்பினாள். ஆனால் அன்னையார் சமைப்பதை நிறுத்திவிட்டார். “கடையில் வாங்கிக்கலாம்” என்பார். அல்லது மூத்தவர் சமைத்ததை வாங்கி உண்பார். ஐம்பது ஆண்டுக்கு மேலாக அடுப்படியில் நின்ற ஒருவர், நாற்காலியில் அமர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனைக் காணப் பொறாமல்தான், நல்லதொரு வெட்டுப்பலகை வாங்கிக் கொடுப்பதென்று முடிவு செய்தோம். மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாதவர்கள் பொருள் வாங்கிக் கொடுப்பது உலக வழக்கந்தானே!

பலகை வாங்குவது எளிய செயல் என்று எண்ணியிருந்தோம். கடைக்குச் சென்ற பின்னரே எங்கள் அறியாமை விளங்கிற்று.

முதலில் கண்ணாடிப் பலகையைக் கண்டு மயங்கினோம். கீறல் விழாது, கறை படியாது, கழுவுதல் எளிது. வாங்கி வந்து மூத்தவர் தம் இல்லத்தில் இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்தார். கத்தி படும்போதெல்லாம் எழும் ஒலி பல்லைக் கூசச் செய்தது. வெங்காயம் வழுக்கி ஓடியது. ஒரு வாரத்திற்குள் கத்தி தக்காளித் தோலைக்கூட அறுக்க மறுத்தது. கத்தியைவிடக் கடினமான பரப்பில் வெட்டினால் தேய்வது கத்தியே. மழுங்கிய கத்தி வழுக்கிக் கையை வெட்டும் என்பதால், முதியவர் இல்லத்திற்குக் கண்ணாடி ஆகவே ஆகாது என்று ஒதுக்கினோம்.

மூங்கிற்பலகை அழகாகவும் மலிவாகவும் இருந்தது. மூங்கில் மரமன்று, புல்லினம் என்பது பள்ளியில் படித்ததுதான். மெல்லிய கீற்றுகளைப் பசையிட்டு ஒட்டியே பலகையாக்குகின்றனர். நடுவிலவர் இல்லத்தில் முன்னரே ஒன்று இருந்தது. இரவு முழுவதும் தொட்டி நீரில் ஊறியதால் ஒட்டு விட்டுப் பிளந்து, இப்போது சூடான சட்டியை இறக்கி வைக்க உதவுகிறது. நண்பர் ஒருவர் அளித்த மெர்பாவ் மரப்பலகையோ இரும்புபோல் உறுதியாயிருந்தது. அதனைக் கழுவியபோது தொட்டி நீர் தேயிலைச் சாயமாயிற்று. அம்மரத்தின் இயல்பு அது. நீர் பட்டால் செம்பழுப்பு நிறச் சாற்றைக் கக்கும். வாயிற்கதவுக்கும் தரைக்கும் உகந்த மரம் அடுக்களைக்கும் உகந்ததாயிருக்க வேண்டுமென்பதில்லை. தேக்கினை விலை கேட்டதோடு விட்டுவிட்டோம்.

இளையவர் ஓர் யோசனை கூறினார்: தளவாடக் கடையில் மிஞ்சிய பலகைத் துண்டை அறுத்து வாங்கிவிட்டால் செலவு மிச்சமன்றோ? தளவாட மரத்துக்குப் பூச்சி மருந்தும் மெருகெண்ணெயும் ஏற்றியிருப்பர். உணவு படும் பலகைக்கு அவை ஆகா என்று மற்ற இருவரும் தடுத்தோம். சிக்கனம் அவர் பிறவிக்குணம்.

எஞ்சியவை பிளாஸ்டிக்கும் மரமும். எங்கள் உள்ளம் பிளாஸ்டிக்கின் பக்கமே சாய்ந்திருந்தது. துளையில்லாத பொருள், கிருமி புகாது என்பது பலரும் கொண்டுள்ள கருத்து. மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றும் எங்கள் நடுவிலவர் இதனைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு வேறொரு செய்தியைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீன் கிளைவர் என்பாரும் அவர்தம் துணைவரும், மரப்பலகை, பிளாஸ்டிக் பலகை ஆகிய இரண்டின்மீதும் கிருமிகளை இட்டுச் சோதித்து, 1994-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். புதிய பிளாஸ்டிக் பலகையைக் கழுவித் தூய்மை செய்தல் எளிதாயிருந்தது. கத்திக் கீறல்கள் நிறைந்த பழைய பிளாஸ்டிக் பலகையைக் கையால் கழுவித் தூய்மை செய்தல் அரிதாயிருந்தது. மரத்தில் இட்ட கிருமிகளோ மேற்பரப்பிலிருந்து உள்ளே உறிஞ்சப்பட்டன. பெருகாமல் நாளடைவில் மடிந்தன. மரம் இழிந்தது, பிளாஸ்டிக் உயர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு கூறுதற்கில்லை என்பது அதனால் விளங்கிற்று. மேலும், பலகையில் வெட்டும்போது பிளாஸ்டிக் நுண்துகள்கள் உதிர்கின்றன என்று 2023-ஆம் ஆண்டில் மற்றோர் அமெரிக்க ஆய்வும் வெளிவந்தது. அத்துகள்கள் உடலுக்கு எத்துணைத் தீங்கு என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

இதைக் கேட்டபோது நாங்கள் மகிழ்ச்சியடையவில்லை. மரம் குற்றவாளி அன்று என்றால், அன்னையாரை நோக்கி நாங்கள் சொன்ன சொல் என்னாவது?

அடுத்த சனிக்கிழமை அன்னையாரையும் உடன் அழைத்துக்கொண்டு ஈப்போவின் லிட்டில் இந்தியா பகுதியிலுள்ள பாத்திரக் கடையொன்றுக்குச் சென்றோம். அங்கே வண்ண வண்ணப் பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி வைத்திருந்தனர். கடையிலிருந்த இளைஞர் மிகப் பணிவாக, “பாட்டி, சிவப்புப் பலகை பச்சை இறைச்சிக்கு, நீலம் மீனுக்கு, பச்சைப் பலகை காய்கறிக்கு. ஒன்றில் வெட்டுவதை இன்னொன்றில் வெட்டக்கூடாது. பெரிய உணவகங்களில் எல்லாம் இப்படித்தான்” என்று விளக்கினார்.

அன்னையார் அப்பலகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “அருவாமனையும் கறிக்கட்டையும் மாதிரின்னு சொல்லுங்க தம்பி” என்றார்.

நாங்கள் மூவரும் வாயடைத்து நின்றோம். லயத்து அடுக்களையில் காய் என்றால் அரிவாள்மனை. இறைச்சி என்றால் கறிக்கட்டை. ஒரு காயும் அக்கட்டையின்மீது வைக்கப்பட்டதில்லை. ஓர் இறைச்சித் துண்டும் அந்த அலகில் பட்டதில்லை. கோழிக்கறி அடுப்பில் கொதித்து வேகும்போது அதிலுள்ள கிருமிகள் மடிந்துபோகும். அதே கட்டையில் நறுக்கிய வெள்ளரிக்காய் அடுப்பைக் காண்பதில்லை. நேரே வாய்க்குச் செல்கிறது. அவ்விரண்டையும் ஒரே கட்டையில் வெட்டும் நிலையை உண்டாக்கியவர் அன்னையார் அல்லர். அரிவாள்மனையை எடுத்து மேல்தட்டில் வைத்தவர்கள் நாங்கள். அதற்கு ஈடாக வேறொன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. தந்தையார் செய்துவந்த கட்டைப் பணியையும், அவர் மறைந்தபின் எங்களுள் எவரும் ஏற்கவில்லை. எட்டுக் கிலோக் கட்டையைத் தூக்கிச் சாய்த்து நிறுத்த அன்னையாரின் கைகளில் வலிவு ஏது?

அங்கேயே, கடை வாசலில், மக்கள் போவதும் வருவதுமாயிருந்த வேளையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர், “போதும், வாங்க, வெயில் ஏறுது” என்று மட்டும் கூறினார்.

அதன்பின் பலகையைத் தேர்வது எளிதாயிற்று. பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பலகை ஒன்று. கீறல் மிகுந்ததும் தயங்காமல் எறிந்துவிட வேண்டியது. காய்கறிக்கு மரப்பலகை. அதன் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல், பாத்திரம் கழுவும் தொட்டியை முன்னரே அளந்து சென்றிருந்தோம். தொட்டிக்குள் அடங்காத பலகையை முதியவர் சரிவரக் கழுவ இயலாது. நாற்பது சென்டிமீட்டர் நீளம், இருபத்தெட்டு அகலம், இரண்டு சென்டிமீட்டர் கனம். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. அன்னையாரே ஒரு கையால் தூக்கிப் பார்த்து, “சரி” என்றார். விலை முப்பத்தைந்து வெள்ளி.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தோம். வெண்ணெய் நிறத்தில், இளஞ்சிவப்புக் கோடுகள் ஓடிய பலகை. அன்னையார் அதனைச் சன்னலோரம் கொண்டு சென்று, விரல்களால் தடவி, முகர்ந்து பார்த்தார்.

“இது பால்மரம்ல?” என்றார்.

உறையை எடுத்துப் படித்தோம். ரப்பர் மரம் என்றே அச்சிட்டிருந்தது.

“இதையா முப்பத்தஞ்சு வெள்ளி கொடுத்து வாங்கினீங்க? இதை எரிச்சுத்தானேடா நம்ம வீட்டுச் சோறு வெந்துச்சு!” என்று கூறி அன்னையார் சிரித்தார். பல வாரங்களுக்குப் பின் அவர் சிரித்த சிரிப்பு அது.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 1877-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. அவற்றுள் சில எங்கள் பேரா மாநிலத்துக் கோல கங்சாரில் நடப்பெற்றன. அக்காலத்தது என்று கூறப்படும் முதுமரம் ஒன்று அவ்வூரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன்பின் நூறாண்டுக் காலம் இம்மரத்தை நம் நாட்டினர் பாலுக்காகவே வளர்த்தனர். இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டிச் சாய்ப்பர். சாய்ந்த மரம் அடுப்புக்கும், ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் விறகாகும். மரவேலைக்கு அதனைப் பெரிதும் நாடாததற்குக் காரணம், வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் அதனைப் பற்றிக்கொள்வதே. போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் மரத்துக்குள் செலுத்தியும் சூளையில் உலர்த்தியும் அதனைக் காக்கும் முறைகள் பரவிய பின்னரே, 1980-களிலிருந்து ரப்பர் மரத் தளவாடங்கள் பெருமளவில் ஏற்றுமதியாகத் தொடங்கின. கெப்போங்கிலுள்ள வன ஆய்வு நிலையத்தின் ஆராய்ச்சிகளுக்கு இதில் பங்குண்டு. விறகாயிருந்தது விலைபொருளாயிற்று. அன்னையார் பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்த காலத்தில் அம்மரம் தளவாடமாகிக் கப்பலேறிக்கொண்டிருந்தது.

பலகையைப் பேணுதலில் நாங்கள் சில பிழைகள் செய்தோம். புதிய மரத்துக்கு எண்ணெய் பூச வேண்டும் என்று கேள்விப்பட்டுச் சமையலெண்ணெயைத் தடவினோம். இரண்டே வாரத்தில் பிசுபிசுப்பும் சிக்கு வாடையும் எழுந்தன. பின்னர் மருந்துக்கடையில் திரவப் பாரஃபின் எண்ணெய் வாங்கிப் பூசினோம், அது கெடுவதில்லை. மஞ்சட்கறை போக்க நடுப்பகல் வெயிலில் கிடத்தியதில் பலகை சற்றே வளைந்துவிட்டது. மஞ்சள் நிறம் வெயிலில் மங்குவது உண்மைதான். அதற்குக் காலை இளவெயில் சிறிது நேரம் போதும். இப்போது வேலை முடிந்தவுடன் வெந்நீரும் சவர்க்காரமும் இட்டு இருபுறமும் கழுவி, துடைத்து, காற்றுப் படும் இடத்தில் நிமிர்த்தி வைக்கிறோம். நம் நாட்டு ஈரக் காற்றில் படுக்கையாய்க் கிடக்கும் பலகையின் அடிப்புறத்தில் பூஞ்சணம் படரும். பலகை நகராதிருக்க அடியில் ஈரத்துணி விரித்துக்கொள்கிறோம். அரிவாள்மனைக்கு அத்தகைய உதவியெல்லாம் தேவைப்பட்டதில்லை என்பதை அன்னையார் நினைவூட்டத் தவறுவதில்லை.

கறிக்கட்டையை எறிய மனம் வரவில்லை. பின்புறத்தில் துளசித் தொட்டி அதன்மேல் இருக்கிறது. இறைச்சிப் பலகையைச் சுரண்டிக் கழுவும் பணியை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் முறைவைத்துச் செய்து வருகிறோம். இளையவர் முறையன்று மட்டும் சிறிது தாமதமாகும்.

அன்னையார் மீண்டும் சமைக்கிறார். குழந்தையும் ஞாயிறுதோறும் பச்சடி கேட்கிறாள். வெள்ளரிக்காயைக் கையில் எடுத்ததும், எங்களுள் எவர் வீட்டிலிருந்தாலும் உரக்க அழைத்து, “இது எந்தப் பலகைன்னு பாத்துச் சொல்லுங்க” என்கிறார் அன்னையார். எந்தப் பலகை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் எழுந்து சென்று, பார்த்து, “பால்மரப் பலகைதான், அம்மா” என்று சொல்லிவிட்டு வருகிறோம்.